ஐந்திலிருந்து ஒன்றுக்கு: சவர அலகு திரும்பி வந்த வழி

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜில்லெட் நிறுவனம் இரண்டு அலகுகளை அடுத்தடுத்துப் பொருத்திய சவரக் கருவியொன்றைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. 1998இல் அந்த எண்ணிக்கை மூன்றாயிற்று. 2003இல் போட்டி நிறுவனமான ஷிக் நான்கு அலகுகளை வைத்தது. 2006இல் ஜில்லெட் ஐந்தை வைத்துப் பதிலளித்தது. இவ்வேற்றம் எங்கே போய் முடியும் என்பதை அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியொன்று 1975ஆம் ஆண்டிலேயே ஊகித்து, மூன்று அலகுக் கருவிக்கான போலி விளம்பரம் ஒன்றை ஒளிபரப்பிச் சிரிக்க வைத்தது. கேலியாகச் சொன்னது இருபத்து மூன்று ஆண்டுகளில் உண்மையான சரக்காகக் கடைக்கு வந்தது.

ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இதற்கு நேரெதிரான ஒரு போக்கினைக் காண முடிகின்றது. முழுவதும் துருப்பிடிக்காத உருக்கினால் கடைந்தெடுக்கப்பட்ட, ஒரேயொரு அலகினை மட்டும் ஏற்கும் சவரக் கருவிகள் மேல்நாடுகளில் 100 டொலர், 200 டொலர், சில வேளைகளில் 400 டொலர் வரையிலும் விலை கூறி விற்கப்படுகின்றன. ஐந்து அலகுக்கு ஒரு விலை என்றால், ஒரு அலகுக்கு அதைப் போலப் பல மடங்கு விலை! இது வெறும் ஆடம்பரமா, அன்றி இதில் ஏதேனும் விடயம் உண்டா என்பதே இங்கு எமது கேள்வி. நாள்தோறும் முகத்தில் வைக்கும் ஆயுதத்தைப் பற்றி ஒருமுறையாவது சற்று விரிவாக எண்ணிப் பார்ப்பது வீண்வேலையாகாது.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. எமது வீடுகளில் 'பிளேட்' என்று வழங்கப்படுவது இரண்டு பக்கமும் கூரான, நடுவே துளை வெட்டப்பட்ட மெல்லிய தகடு. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. அதனைக் கருவியின் தலைக்குள் வைத்து முறுக்கும்போது தகடு வளைந்து விறைப்படைகின்றது. வளைவதால்தான் அதற்கு வலு. ஒருபக்கக் கூர் அலகு அப்படிப்பட்டதன்று. அதற்கு ஒரு பக்கத்தில் மட்டுமே கூர் உண்டு. மறுபக்கம் முதுகு. தடிப்பும் இரண்டு மடங்குக்கு மேல். அதனை வளைக்க வேண்டியதில்லை, வளைக்கவும் முடியாது. ஒரு சிறு கத்தியைப் போல நிமிர்ந்து நின்று வெட்டுகின்றது. ஆகவே 'ஒரு அலகு' என்பதும் 'ஒருபக்கக் கூர்' என்பதும் ஒன்றல்ல. வீட்டிலுள்ள பழைய இருபக்கக் கூர் கருவியிலும் முகத்தைத் தொடுவது ஒரு நேரத்தில் ஒரு கூர்தான்.

காலவரிசையில் நோக்கின் இருபக்கக் கூருக்கு ஒருபக்கக் கூர் மூத்தது. நீண்ட மடக்குக் கத்தியே உலகெங்கும் சவரத்துக்குப் பயன்பட்ட காலத்தில், அது தோலில் ஆழமாக இறங்காதபடி மரத்தால் ஒரு காப்பு வைக்கலாம் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எண்ணியவர் ஜோன் ஜாக் பெரே என்ற பிரெஞ்சுக் கத்திக் கொல்லர். 1880இல் நியூயோர்க்கின் காம்ஃபே சகோதரர்கள், ஆப்புப் போன்ற தடித்த ஒருபக்கக் கூர் அலகைச் சிறு சட்டத்தினுள் வைத்து, முன்புறத்தில் காப்புச் சட்டம் பொருத்திக் காப்புரிமை பெற்றனர். நாம் இன்று காணும் சவரக் கருவியின் அடிப்படை உருவம் அங்கே தோன்றிவிட்டது. குறை ஒன்றே: அந்த அலகை மீண்டும் மீண்டும் தோல்வாரில் தீட்ட வேண்டியிருந்தது.

தீட்டும் வேலையை ஒழித்தவர் கிங் காம்ப் ஜில்லெட். தேய்ந்ததும் எறிந்துவிடத்தக்க மலிவான, மெல்லிய தகட்டில் கூர் ஏற்ற முடியுமா என்பது அவருடைய எண்ணம். மெல்லிய தகட்டுக்குக் கடினமேற்றினால் அது கோணிப்போகும் என்று உருக்கு வல்லுநர்கள் தலையசைத்தனர். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியலாளர் அதற்கு வழி கண்டார். 1901இல் நிறுவனம் அமைந்தது. 1903இல் விற்பனைக்கு வந்த முதல் ஆண்டில் போன கருவிகள் 51 மட்டுமே. மறு ஆண்டில் அது 90 ஆயிரத்தைத் தாண்டியது.

வணிகவியல் வகுப்புகளில் ஜில்லெட்டின் பெயரில் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. கருவியை இலவசமாகவோ நட்டத்துக்கோ கொடுத்துவிட்டு, அலகில் இலாபம் பார்த்த மேதை அவர் என்பதே அது. உண்மை அவ்வாறில்லை. காப்புரிமை கையில் இருந்த காலம் முழுவதும் அவருடைய கருவியின் விலை 5 டொலர். அன்றைய அமெரிக்கத் தொழிலாளி ஒருவரின் வாரக் கூலியில் அது கணிசமான பங்கு. 1921இல் காப்புரிமை காலாவதியாகி, யார் வேண்டுமானாலும் அதுபோலச் செய்யலாம் என்ற நிலை வந்த பின்னரே பழைய வகைக் கருவி 1 டொலருக்கு இறங்கியது. கைபிடியை மலிவாகக் கொடுத்து அலகில் பிடிக்கும் உத்தி பிந்திய காலத்துக்குரியது. அது முழு உருப்பெற்றது கார்ட்ரிட்ஜ் யுகத்தில்தான். ஒரு நிறுவனத்தின் கைபிடியில் அந்நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் மட்டுமே பொருந்தும். இருபக்கக் கூர் பிளேட்டுக்கோ அந்தக் கட்டு இல்லை. 1930ஆம் ஆண்டளவில் நிலைபெற்ற அந்த நடுத்துளையின் வடிவத்தை இன்று கொல்கத்தாவில் செய்தாலும் ஜப்பானில் செய்தாலும் மாற்றுவதில்லை. எந்த நாட்டு பிளேட்டும் எந்த நாட்டுக் கருவியிலும் உட்காரும். அலகுகளின் எண்ணிக்கை ஏன் ஏறிக்கொண்டே போயிற்று என்பதற்கான விடையின் பெரும்பகுதி இங்கேயே கிடைக்கின்றது. பழைய காப்புரிமை முடிவடையும்போது புதிய காப்புரிமைக்கு ஒரு புதிய அலகு தேவைப்படுகின்றது.

ஒருபக்கக் கூர் முற்றாக மறைந்துவிடவில்லை. 1906இல் புரூக்ளினில் தோன்றிய அமெரிக்கன் சேஃப்டி றேசர் நிறுவனத்தின் ஜெம், எவர் றெடி கருவிகள் நீண்டகாலம் விற்பனையாயின. 1920களில் ஜேக்கப் ஷிக் என்ற முன்னாள் இராணுவ அதிகாரி, துப்பாக்கி இரவைக் கூடு போன்ற பெட்டியிலிருந்து அலகினைத் தள்ளி ஏற்றும் கருவியை அமைத்தார். அதுவும் ஒருபக்கக் கூரே. இன்றைய விலையுயர்ந்த கருவிகள் பெரும்பாலும் இந்த இரு மரபுகளிலிருந்தோ, ஜப்பானியச் சிகையலங்கரிப்பாளர்களின் கத்திகளிலிருந்தோ பிறந்தவை. ஜப்பானில் வாள் செய்வதற்குப் பெயர்பெற்ற செக்கி நகரில் இன்று செய்யப்படும் சவர அலகுகளுக்கு இக்கருவிகளிடையே தனி மதிப்பு உண்டு.

முகச்சவரத்தை உலகப் பழக்கமாக்கியதில் போருக்குப் பங்குண்டு. முதலாம் உலகப் போரின் முற்பகுதி வரை பிரித்தானியத் தரைப்படையினர் மீசை வைத்தே ஆக வேண்டுமென்பது விதி. 1916இல் அது நீக்கப்பட்டது. நச்சுவாயு முகமூடி முகத்தோடு ஒட்டி இருக்கத் தாடி தடையாயிற்று. அமெரிக்க அரசு தனது படையினருக்காக வாங்கிய ஜில்லெட் கருவிகள் 35 இலட்சம் அளவில் இருக்கும். வீடு திரும்பிய ஒவ்வொருவரும் தானே சவரம் செய்துகொள்ளும் பழக்கத்தையும் கூடவே கொண்டு சென்றார். பிரித்தானியக் கடற்படையின் விதி வேறு. 1869 முதல் அங்கே முழுத் தாடியும் மீசையும் சேர்த்து வைக்கலாம், அல்லது இரண்டையும் மழிக்கலாம், மீசையை மட்டும் தனியே வைக்கலாகாது. திருகோணமலைத் துறைமுகம் 1957இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும் வரை அந்தக் கடற்படையின் தளமாக விளங்கியது.

மேல்நாட்டவருக்கு வசதியாக வந்த இந்தப் பொருள் எமது சமூகத்தில் வேறொரு வேலையையும் செய்தது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தமிழ்ச் சமூகத்தில் சவரம் என்பது நீண்டகாலம் ஒருவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் காரியமாக இருக்கவில்லை. அது குடிமைத் தொழில். குறிப்பிட்ட குடும்பங்கள் குறிப்பிட்ட வீடுகளுக்குத் தலைமுறை தலைமுறையாகச் செய்ய வேண்டிய கடமை. பூப்பு, திருமணம், மரணம் என்று வீட்டின் ஒவ்வொரு சடங்கிலும் அவர்களின் கையும் கத்தியும் தேவைப்பட்டன. அவர்களுக்கோ வீட்டின் முற்றத்துக்கு அப்பால் இடம் கிடைக்கவில்லை. கத்தி கட்டுப்போட்ட புண்ணுக்கும் மருந்திட்டதனால் 'மருத்துவர்' என்ற பெயரும் அவர்களுக்குண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். காப்புச் சட்டம் வைத்த சவரக் கருவி வீட்டுக்குள் வந்தபோது வீட்டுக்காரர் வேறொருவரின் கையை எதிர்பார்த்திருக்கும் நிலை குறைந்தது. அதைவிட முக்கியமானது, கூப்பிட்ட நேரத்துக்கு வீடு வீடாகச் செல்லும் கட்டாயத்திலிருந்து தொழிலாளி விடுபடத் தொடங்கியமையாகும். அவர் கடைத்தெருவில் நாற்காலியும் கண்ணாடியும் போட்டுச் சலூன் வைத்தார். இனி வாடிக்கையாளர்தான் அவரிடம் வர வேண்டும், காசு கொடுக்க வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும். சலூனுக்குள்ளும் சாதி எட்டிப் பார்க்காமலில்லை. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் முடிதிருத்தும் நிலையங்களையும் தனது எல்லைக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. இலங்கையிலும் 1957இல் அதையொத்த நோக்குடைய சட்டமொன்று நிறைவேறியது. ஒரு சிறு உருக்குத் தகடு இவற்றையெல்லாம் செய்துவிட்டது என்று கூறுவது மிகையாகும். கல்வியும் போராட்டமும் இடப்பெயர்வும் செய்தவை பெரிது. ஆனாலும் அத்தகட்டுக்கும் ஒரு பங்குண்டு.

இனி அந்த விலையுயர்ந்த கருவிக்கு வருவோம். கனடாவில் வாழும் பெறாமகன் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது அத்தகையதொன்றை இக்கட்டுரையாளருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நிறுவனத்தின் பெயர் இங்கு அவசியமில்லை. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரில், கிணற்று நீரும் ஒரு பிளாத்திக்குக் கோப்பையும் முற்றத்து மரத்தில் மாட்டிய கண்ணாடியுமாக மூன்று வாரங்கள் அதனைப் பயன்படுத்திப் பார்த்தோம்.

முதலில் உணர்வது பாரம். இரண்டு கோழிமுட்டைகளைக் கையில் ஏந்தியது போன்ற கனம். பிளாத்திக்குக் கைபிடிக்குப் பழகிய விரல்களுக்கு அது சற்றுத் திகைப்பாகவே இருக்கும். ஆனால் அந்தப் பாரம் அலங்காரமன்று. கருவியின் எடையே அலகை நகர்த்தப் போதுமானதாகையால் கை அழுத்த வேண்டியதில்லை. அழுத்தவும் கூடாது. கார்ட்ரிட்ஜில் அசையும் தலையும் இறப்பர்ப் பட்டைகளும் கையின் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்கின்றன. இங்கே தாங்குவதற்கு எதுவுமில்லை. தலையைச் சாய்க்கும் கோணத்தையும் நாமே பிடிக்க வேண்டும். தோலுக்கும் அலகுக்கும் இடையே ஏறத்தாழ 30 பாகை. அதைவிடக் கூடினால் சுரண்டும், குறைந்தால் வழுக்கிக்கொண்டு போகும். முதல் இரண்டு நாட்களில் கை இதைத் தேடியது. நான்காம் நாள் தானாகவே கண்டுகொண்டது.

இரண்டாவது, ஓசை. தடித்த அலகு முடியை வெட்டும்போது சரசரவென்று தெளிவாகக் கேட்கின்றது. காய்ந்த பனையோலையை நகத்தால் கீறுவது போன்ற ஓசை. இது வெறும் வேடிக்கையல்ல. முடி உள்ள இடத்தில் ஒலி உண்டு, இல்லாத இடத்தில் ஒலி அடங்கிவிடும். கண்ணாடி இல்லாமலே காது வழி காட்டுகின்றது.

மூன்றாவது, மூக்கின் கீழ்ப்புறம். கருவியின் தலை தடித்திருப்பதால் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள சிறிய பகுதியில் அது திரும்ப இடமில்லை. மீசை வைத்திருப்போருக்கு இக்குறை தெரியாது. மழிப்போர் மூக்கு நுனியை விரலால் உயர்த்தித்தான் ஆக வேண்டும். இத்தனை விலை கொடுத்து வாங்கும் பொருளில் இக்குறை இருக்கலாகாது என்பது எமது எண்ணம். நாடியின் கீழும் கழுத்திலும் முடி பல திசைகளில் சுழன்று வளர்வதால் ஒரே மூச்சில் இழுக்க முடியாது. சிறு சிறு இழுப்புகள் வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் வேலைக்குப் பத்து நிமிடமாகின்றது.

விளைவு எப்படி? கன்னத்தில் ஐந்து அலகுக் கார்ட்ரிட்ஜ் தரும் வழுவழுப்பு முதல் இழுப்பிலேயே கிடைப்பதில்லை. மீண்டும் ஒருமுறை நுரை தடவி இரண்டாம் தடவை இழுக்க வேண்டும். ஆனால் கழுத்தில் வழக்கமாக மறுநாள் தோன்றும் எரிவும் சிவந்த பருக்களும் இரண்டாம் வாரத்தில் வெகுவாகக் குறைந்தன. இதற்குக் காரணம் உண்டு. பல அலகுக் கருவியில் முன் செல்லும் அலகு முடியைச் சற்று வெளியே இழுக்கின்றது. அது உள்ளே சுருங்குமுன் பின் வரும் அலகு வெட்டுகின்றது. அதனால் வெட்டுவாய் தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடுகின்றது. விளம்பரம் இதனையே பெருமையாகச் சொல்கின்றது. சுருள் முடி உடையவர்களுக்கோ அந்த வெட்டப்பட்ட முனை வெளியே வர வழியின்றித் தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கட்டியாகின்றது. இவ்வுபாதை உள்ளவர்களுக்குத் தோல் வைத்தியர்கள் பலர் ஒற்றை அலகைப் பரிந்துரைப்பது இதனால்தான். தடித்த அலகு அதிராது என்பதும் ஒரு நன்மை. மெல்லிய தகடு கடினமான முடியில் மோதும்போது நுண்ணியதாக அதிர்ந்து தோலைத் தட்டிச் செல்லும்.

முடி உருக்கை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடையளித்தது. சவர அலகின் உருக்கு மனித முடியை விட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. ஆனாலும் ஒற்றை முடி அந்த விளிம்பில் சில்லுப் பெயர்க்கின்றது. இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, அலகு வெறுமனே தேய்ந்து மழுங்குவதில்லை, நுண்ணிய சில்லுகளாக உடைகின்றது என்பது தெரிந்தது. உருக்கின் உட்கட்டமைப்பு எங்கும் ஒரேசீராக இல்லாமையும், முடி வளைந்து கொடுத்து அலகின் பக்கவாட்டில் சாய்வாக அழுத்துவதும் சேரும் இடத்தில் உடைவு நிகழ்கின்றது. முடி வளையாமல் நின்றால், மென்மையாகவும் இருந்தால், அலகுக்குச் சேதம் குறைவு. தோலுக்கும் நோவு குறைவு.

அப்படியாயின் சவரத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில் கருவியைவிட நீருக்கே பங்கு அதிகம். முடி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை நீரை உறிஞ்ச வல்லது. நனைந்த முடியை வெட்ட வேண்டிய விசை வெகுவாகக் குறைந்துவிடும். அதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் வேண்டும். குளித்தபின் சவரம் செய்வது நல்லதென்று பெரியவர்கள் சொன்னதன் காரணம் இதுவே. கரையோரக் கிணறுகளின் உவர்ப்பான, கடினமான நீரில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது என்பதால் இங்கே தூரிகையைச் சற்றுக் கூடுதலாகச் சுழற்ற வேண்டியிருக்கின்றது.

நீர் என்றதும் சொல்லியே ஆகவேண்டிய ஒரு வரலாறு உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஜில்லெட் நிறுவனம் இந்தியாவின் எளிய மக்களுக்கென ஒரு கார்ட்ரிட்ஜ் கருவியை ஆயத்தப்படுத்தியது. அதனைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவில், எம்.ஐ.டி.யில் பயின்ற இந்திய மாணவர்களிடம் கொடுத்தனர். அவர்கள் நன்றாயிருக்கின்றது என்றனர். இந்தியாவில் விற்பனைக்கு வந்ததும் வாங்கியவர்கள் முகம் சுளித்தனர். மாணவர்களின் குளியலறையில் குழாயைத் திருகினால் நீர் கொட்டியது. இந்தியக் குடிசையில் சவரத்துக்குக் கிடைப்பதோ ஒரு கோப்பை நீர். அலகுகளின் இடையே சிக்கிய முடி அந்தக் கோப்பையில் தோய்த்தால் போகவில்லை. அதன்பின் நிறுவனத்தார் வீடு வீடாகச் சென்று, மங்கிய வெளிச்சத்தில், தரையில் குந்தியிருந்து சவரம் செய்வோரைப் பார்த்துக் கற்று, 2010இல் புதிய கருவியொன்றை வெளியிட்டனர். கருவி 15 இந்திய ரூபா, மாற்று அலகு 5 ரூபா. அதில் இருந்தது ஒரேயொரு அலகு! பணக்கார நாட்டில் ஐந்தை விற்ற அதே நிறுவனம், ஒரு கோப்பை நீருள்ள வீட்டுக்கு வந்தபோது ஒன்றுக்குத் திரும்பியது.

சம்பூர் மக்களுக்கு அந்த ஒரு கோப்பை நீரின் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊரைவிட்டு வெளியேறியவர்கள், ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகவும் பின்னர் அனல்மின் நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்கும் உரிய நிலமாகவும் அறிவிக்கப்பட்டதனால், கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் போன்ற இடங்களில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் தற்காலிகக் கொட்டில்களில் வாழ்ந்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட பின்னரே திரும்பினர். வாளியில் அளந்து நீர் பயன்படுத்தும் கொட்டில் வாழ்வில் தோய்த்தவுடன் கழுவப்படும் அலகே உதவும். விலையுயர்ந்த கருவியில் இக்கட்டுரையாளருக்கு மிகவும் பிடித்த பண்பும் இதுவே. கோப்பையில் ஒருமுறை அலசினால் போதும், நுரையும் முடியும் ஒட்டாமல் போய்விடுகின்றன. அதே பண்பு மலிவான பழைய கருவியிலும் உண்டென்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படியாயின் நாம் ஒருபக்கக் கூரை இதற்கு முன் அறிந்ததில்லையா? நன்றாக அறிவோம். கிராமத்துச் சலூனில் சிகையலங்கரிப்பாளர் புதிய பிளேட்டை எடுத்து, கடதாசி உறையோடு நீளவாக்கில் மடித்து 'டக்'கென்று இரண்டாக ஒடிக்கின்றார். ஒரு பாதியை மடக்குக் கத்தியின் தலையில் செருகுகின்றார். மறுபாதி அடுத்தவருக்கு. அந்தக் கணத்தில் இருபக்கக் கூர் ஒருபக்கக் கூராகிவிடுகின்றது. மேல்நாட்டில் நூற்றுக்கணக்கான டொலருக்கு விற்கப்படும் தத்துவம், எமது ஊரில் அரை பிளேட்டில் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கின்றது. வேறுபாடு, அங்கே திறமை இயந்திரம் கடைந்த உருக்கில் இருக்கின்றது. இங்கே அது மனிதரின் மணிக்கட்டில் இருக்கின்றது.

ஆனால் இங்குதான் கவனம் தேவைப்படும் விடயமும் உள்ளது. அந்த அரை பிளேட் எத்தனை முகங்களைத் தொட்டது? கண்ணுக்குத் தெரியாத கீறலில் கசியும் குருதி, அலகு வழியாக அடுத்தவரின் கீறலுக்குச் செல்ல முடியும். இவ்வகையில் முதலில் அஞ்ச வேண்டியது ஹெப்படைட்டிஸ் பி என்ற ஈரல் அழற்சிக் கிருமி. உலர்ந்த பரப்பிலும் அது குறைந்தது ஏழு நாட்கள் வீரியத்தோடு இருக்கக் கூடியது. ஹெப்படைட்டிஸ் சி கிருமியும் குருதி வழியே பரவுவது, அதற்குத் தடுப்பூசி இல்லை. பலரும் முதலில் நினைக்கும் எச்.ஐ.வி. கிருமி உடலுக்கு வெளியே உலர்ந்ததும் விரைவில் வலுவிழந்துவிடுவதால் சவரத்தால் அது பரவும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அஞ்ச வேண்டியதை விட்டு வேறொன்றுக்கு அஞ்சுவது எமது வழக்கமாகிவிட்டது. இலங்கையில் குழந்தைகளுக்கான ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 2003ஆம் ஆண்டளவில்தான் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. அதாவது இன்று சலூன் நாற்காலியில் அமரும் நடுத்தர வயதினரும் முதியோரும், தாமாகப் போட்டுக்கொண்டாலன்றி, அத்தடுப்பைப் பெறாதவர்கள். நாள் முழுவதும் அலகைக் கையாளும் சிகையலங்கரிப்பாளர் அவர்களைவிடவும் ஆபத்தில் இருப்பவர். தடுப்பூசி முதலில் அவருக்கே வேண்டும்.

கிருமிநாசினியில் சில விநாடிகள் தோய்த்தெடுப்பதால் பழைய அலகு புதியதாகிவிடாது. சவரம் முடிந்ததும் தடவப்படும் படிகாரக் கட்டி குருதியை நிறுத்தும், கிருமியைக் கொல்லும் என்று நம்பியிருக்க முடியாது. அந்தக் கட்டியும் முகத்துக்கு முகம் செல்வதல்லவா? நெற்றியிலும் பிடரியிலும் ஒதுக்கும்போது பயன்பட்ட அதே அலகு அடுத்தவருக்கும் வைக்கப்படுவதைப் பலர் கவனிப்பதில்லை, அது சவரம் அல்ல என்று எண்ணிவிடுகின்றனர். புதிய பிளேட்டை உங்கள் கண்முன்னே ஒடிக்கச் சொல்லிக் கேட்பது அவமதிப்பாகாது. நல்ல தொழிலாளர்கள் கேட்காமலே அப்படிச் செய்கின்றனர். ஒடிக்கும் அந்தச் சத்தமே ஒரு உறுதிமொழி போல் அமைகின்றது. அரை பிளேட்டின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலையிலும் பார்க்க மிகக் குறைவு. அதைச் சேர்த்துக் கொடுக்க வாடிக்கையாளர் தயங்கலாகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் உணவகங்களுக்குக் காட்டும் கண்டிப்பினைச் சலூன்களுக்கும் காட்டுவார்களாயின், பெரும் செலவின்றியே இக்காரியம் நடக்கும்.

வீட்டிலும் இதே விதிதான். தந்தையும் மகனும் ஒரே கருவியைப் பயன்படுத்துவது எமது குடும்பங்களில் சாதாரணம். கைபிடி பொதுவாக இருக்கட்டும், அலகு தனித்தனியாக இருக்க வேண்டும்.

விலையைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, இறக்குமதியாகும் கார்ட்ரிட்ஜ்களை வாங்கிவந்த பலர் பழைய இருபக்கக் கூர் கருவிக்குத் திரும்பியதை நாம் கண்டோம். தந்தையார் விட்டுச் சென்ற பித்தளைக் கருவிகள் அலுமாரிகளிலிருந்து வெளியே வந்தன. 200 டொலர் கருவியை வாங்கினால் அது வாழ்நாள் முழுவதும் உழைக்கும், கணக்குப் பார்த்தால் இலாபம் என்று விற்பவர்கள் வாதிடுகின்றனர். கருவி உழைக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்குரிய ஒருபக்கக் கூர் அலகு திருகோணமலைக் கடைகளில் எமக்குக் கிடைக்கவில்லை. கனடாவிலிருந்து வந்த பெட்டியில் இருப்பவை தீர்ந்ததும் அடுத்த பெட்டிக்கு அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டும். ஓர் அலகு ஐந்தாறு சவரங்களுக்கு வருகின்றது. கன்னத்தில் இழுபடத் தொடங்கியதும் மாற்றிவிட வேண்டும். சாதாரண இருபக்கக் கூர் பிளேட் மூன்று நான்கு சவரங்களுக்கு வரும், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். தோல் எரிச்சலால் வருந்துபவருக்கு ஒற்றை அலகு நன்மை தரும் என்பதில் எமக்கு ஐயமில்லை. அந்த நன்மையில் மிகப் பெரும்பகுதியைச் சில நூறு ரூபாக் கருவியும், பொறுமையாக நனைத்த முகமும், அழுத்தாத கையும் கொடுத்துவிடுகின்றன. மிச்சமுள்ளது உருக்கின் அழகுக்கான விலை.

இறுதியாக, கழித்த அலகுகளை என்ன செய்வது? அமெரிக்காவின் பழைய வீடுகள் பலவற்றில் குளியலறை அலுமாரியின் பின்புறத்தில் ஒரு கீற்றுத் துவாரம் இருக்கும். தேய்ந்த அலகை அதற்குள் போட்டால் சுவருக்குள் விழுந்துவிடும். இன்று அவ்வீடுகளை உடைத்துத் திருத்துவோர் சுவருக்குள் ஆயிரக்கணக்கில் அலகுகளைக் காண்கின்றனர். எமது ஊர்களில் பழைய பிளேட்டுக்கு முன்பெல்லாம் இன்னொரு வாழ்வு இருந்தது. பிள்ளைகள் அதில் பென்சில் சீவினர், தையற்காரர் தையல் பிரித்தனர். இப்போது அது குப்பைப் பையோடு போகின்றது, அதைக் கிளறும் மாட்டின் வாயிலும் அள்ளும் தொழிலாளியின் விரலிலும் ஏறுகின்றது. தடித்த ஒருபக்கக் கூர் அலகு இதில் இன்னும் கொடியது. வெற்றுப் பால்மாத் தகரத்தின் மூடியில் ஒரு சிறு கீறல் வெட்டி, தேய்ந்த அலகுகளை அதனூடாக உள்ளே போட்டுவந்தால் ஒரு குடும்பத்துக்கு அது நிரம்பப் பல ஆண்டுகள் செல்லும். நிரம்பியதும் கீறலை ஒட்டி மூடி, உள்ளே என்ன இருக்கின்றது என்பதைச் சொல்லி, பழைய இரும்பு வாங்க வருபவரிடம் கொடுத்துவிடலாம்.